டிஃபரன்ஷியல் பாதுகாப்பும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மரும் - ஒரு நூற்றாண்டுக் கதை

2003ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28, வியாழக்கிழமை. மாலை 6.20 மணி. வேலை முடிந்து லண்டன் மக்கள் வீடு திரும்பும் நேரம். திடீரென்று நகரின் தென்பகுதியில் மின்சாரம் நின்றது. சுரங்க ரயில்கள் நடுவழியில் நின்றன, போக்குவரத்து விளக்குகள் அணைந்தன. அந்த நேரத்தில் லண்டன் பயன்படுத்திக்கொண்டிருந்த மின்சாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. சுமார் 4 லட்சம் இணைப்புகள் அரை மணி நேரம் இருளில் கிடந்தன.

பின்னர் நடந்த விசாரணையில் தெரிந்த காரணம் மிகச் சிறியது. 2001இல் பழைய கருவிகளை மாற்றியபோது 5 ஆம்பியர் ரிலே வைக்க வேண்டிய இடத்தில் யாரோ 1 ஆம்பியர் ரிலேயை வைத்துவிட்டார்கள். அவ்வளவுதான்! இரண்டு வருடம் யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் அந்தக் கேபிளில் அதிகச் சுமை வரவில்லை. அன்று மாலை வேறொரு சப்ஸ்டேஷனில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் எச்சரிக்கை கொடுத்தது. அதைத் தனியே பிரிப்பதற்காக இணைப்பை மாற்றினார்கள். சுமை முழுவதும் விம்பிள்டனிலிருந்து நியூ கிராஸ் செல்லும் கேபிளுக்கு வந்தது. கேபிளுக்கு அது சாதாரணச் சுமைதான். ஆனால் தவறான ரிலே அதை ஆபத்தென்று நினைத்துச் சில நொடிகளில் டிரிப் செய்துவிட்டது.

அந்த 1 என்ன, 5 என்ன? அவை ஆயிரக்கணக்கான ஆம்பியர் ஓடும் கம்பிக்கும் கைக்கடக்கமான ரிலேக்கும் நடுவில் நிற்கும் ஒரு கருவியின் எண்கள். அந்தக் கருவியின் பெயர் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர். மின்துறையில் எல்லோரும் சி.டி. என்றே சொல்வார்கள். மின்வாரிய ஊழியரைத் தவிர வேறு யாரும் இதன் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் இதைச் சரியாகத் தேர்வு செய்வது எப்படி என்ற கேள்விக்குப் பதில் தேடியே மின் பாதுகாப்புத் துறை நூறு வருடங்களுக்கு மேல் செலவழித்திருக்கிறது.

சி.டி. பார்ப்பதற்கு எளிமையானது. ஒரு இரும்பு வளையம், அதன் மேல் சுற்றிய மெல்லிய செப்புக் கம்பி. வளையத்தின் நடுவே பெரிய மின்கடத்தி நுழைந்து போகும். அந்தக் கடத்தியில் 2000 ஆம்பியர் ஓடினால் வளையத்தின் மேல் சுற்றிய கம்பியில் 1 ஆம்பியர் ஓடும். இதை 2000/1 சி.டி. என்பார்கள். அதே இடத்தில் 5 ஆம்பியர் வரும்படி சுற்றியிருந்தால் 2000/5. அமெரிக்காவில் 5 ஆம்பியரே வழக்கம். கம்பி நீளமாக ஓட வேண்டிய பெரிய சப்ஸ்டேஷன்களில், இந்தியாவிலும் ஐரோப்பாவிலும், 1 ஆம்பியர் அதிகம். காரணம் சுலபம். கம்பியில் வீணாகும் சக்தி மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 2 ஓம் மின்தடையுள்ள கம்பியில் 1 ஆம்பியர் ஓடினால் 2 வாட் சுமை. அதே கம்பியில் 5 ஆம்பியர் ஓடினால் 50 வாட்! அந்தச் சுமை முழுவதையும் சி.டி.தான் சுமக்க வேண்டும்.

லண்டனில் தவறிய ரிலே ஒரே ஒரு இடத்து மின்னோட்டத்தைப் பார்ப்பது. அளவுக்கு மேல் போனால் டிரிப் ஆகும் வகை. டிஃபரன்ஷியல் பாதுகாப்பு அப்படி அல்ல. அது இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சி.டி.களின் வாக்குமூலத்தை ஒப்பிட்டுப் பார்க்கும். ஒன்றை நம்புவதே கஷ்டம் என்றால், பலவற்றை ஒரே நேரத்தில் நம்புவது எவ்வளவு கஷ்டம் என்று பாருங்கள்.

டிஃபரன்ஷியல் என்பதன் அடிப்படைத் தத்துவம் மிகப் பழையது. 1845இல் குஸ்டாவ் கிர்க்காஃப் என்ற 21 வயது மாணவர், கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோதே, ஒரு சந்திப்புக்குள் வரும் மின்னோட்டமும் அதிலிருந்து வெளியே போகும் மின்னோட்டமும் சமமாக இருக்கும் என்று எழுதினார். வணிகவியல் படித்தவர்களுக்கு இது புதிதே அல்ல. பற்றுக்குச் சமமாக வரவு இருக்க வேண்டும். இருப்பாய்வில் இரண்டு பக்கமும் ஒத்துப்போகவில்லை என்றால் பேரேட்டில் எங்கோ தவறு இருக்கிறது. அதேபோல ஒரு கேபிளின் ஒரு முனையில் 500 ஆம்பியர் நுழைந்து மறுமுனையில் 300 ஆம்பியர் மட்டுமே வந்தால், மீதி 200 ஆம்பியர் நடுவில் எங்கோ தரைக்குள் போகிறது. கேபிள் பழுதாகிவிட்டது, உடனே துண்டிக்க வேண்டும். வெளியே எங்கு என்ன நடந்தாலும் கவலை இல்லை. இந்தக் கேபிளுக்குள் நடப்பது மட்டும்தான் கணக்கு.

இந்தத் தத்துவம் நடைமுறைக்கு வர அறுபது வருடம் ஆனது. வந்த இடம் இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள நியூகாசில்.

நியூகாசிலில் டைன் நதிக்கரையோரம் கப்பல் கட்டும் தளங்களும் நிலக்கரிச் சுரங்கங்களும் நெருக்கமாக இருந்தன. 1901இல் அங்கே நெப்டியூன் பேங்க் மின்நிலையத்தை லார்டு கெல்வின் திறந்துவைத்தார். அதன் பின்னணியில் இருந்தவர் சார்லஸ் மெர்ஸ் என்ற இளம் பொறியாளர். அவருடைய தந்தை ஜான் தியோடர் மெர்ஸ் ஒரு சுவாரசியமான மனிதர். மின்சாரக் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவராக இருந்துகொண்டே 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பியச் சிந்தனையின் வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதியவர்! மகனுக்கு எழுத்தைவிட வலைப்பின்னல் பிடித்திருந்தது. அப்போது பிரிட்டனில் ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனிச் சிறு மின்நிலையம் இருந்தது. மெர்ஸ் அவற்றை விட்டுவிட்டு, பெரிய நிலையங்களை ஒன்றோடொன்று இணைத்து, ஒரு பிரதேசம் முழுவதற்கும் மலிவான மின்சாரம் கொடுக்க நினைத்தார்.

இணைத்தவுடன்தான் சிக்கல் வந்தது. ஒரு நிலையத்திலிருந்து ஒரு ஊருக்கு ஒரே கம்பி போனால் ஃபியூஸ் போதும். ஆனால் பல நிலையங்களும் பல ஊர்களும் வளையமாக இணைந்திருக்கும்போது ஒரு கேபிளில் ஃபால்ட் வந்தால் எல்லாப் பக்கத்திலிருந்தும் மின்னோட்டம் அங்கே பாயும். நல்ல கேபிள்களிலும் அளவுக்கு மீறிய மின்னோட்டம் ஓடும். எந்தக் கேபிள் பழுது, எது நல்லது என்று அளவை மட்டும் பார்க்கும் ரிலேயால் சொல்ல முடியாது. எல்லாம் ஒரே நேரத்தில் டிரிப் ஆகி முழுப் பிரதேசமும் இருண்டுவிடும். வலைப்பின்னலின் லாபமே போய்விடும்.

1904இல் மெர்ஸும் அவரது சக பொறியாளர் பெர்னார்டு பிரைஸும் ஒரு காப்புரிமை பெற்றார்கள். உலகம் முழுவதும் மின்பொறியியல் மாணவர்கள் இன்றும் மெர்ஸ்-பிரைஸ் முறை என்று படிப்பது அதைத்தான். கேபிளின் இரு முனைகளிலும் ஒரே மாதிரியான சி.டி.களை வைக்க வேண்டும். அவற்றைப் பைலட் கம்பி எனப்படும் மெல்லிய கம்பிகளால் இணைக்க வேண்டும். உள்ளே போவதும் வெளியே வருவதும் சமமாக இருக்கும்வரை இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும், ரிலே அசையாது. சமநிலை கெட்டால் ரிலே இழுக்கும், இரு முனையிலும் பிரேக்கர் திறக்கும். எவ்வளவு அழகான யோசனை! பிரைஸ் பின்னர் தென்னாப்பிரிக்கா சென்று அங்கே மின்துறையில் பெரிய ஆளானார். ஜொகன்னஸ்பர்க்கில் 1936இல் நிறுவப்பட்ட புவி இயற்பியல் ஆய்வு நிலையம் அவர் பெயரைத் தாங்கியது. மெர்ஸ் 1940 அக்டோபரில் லண்டன் மீது நடந்த ஜெர்மானிய விமானத் தாக்குதலில் தன் வீட்டிலேயே இரண்டு குழந்தைகளோடு உயிரிழந்தார்.

அந்த அழகான யோசனையில் "ஒரே மாதிரியான சி.டி.கள்" என்று மூன்று சொற்கள் இருக்கின்றன அல்லவா, அவைதான் பிரச்சனை. நடைமுறையில் இரண்டு சி.டி.கள் ஒரே மாதிரி இருப்பதில்லை.

சாதாரணச் சுமையில் ஒரு குறையும் தெரியாது. இரண்டும் ஒரே கணக்கைச் சொல்லும். ஆனால் கேபிளுக்கு வெளியே, பக்கத்திலேயே, ஒரு பெரிய ஃபால்ட் வந்தால்? வழக்கத்தைவிடப் பத்து, இருபது மடங்கு மின்னோட்டம் இரண்டு சி.டி.கள் வழியாகவும் பாயும். அந்த நேரத்தில்தான் ரிலே அமைதியாக இருக்க வேண்டும், ஏனென்றால் பழுது வெளியே. சரியாக அந்த நேரத்தில்தான் சி.டி.யின் இரும்பு காலை வாரிவிடும்.

இரும்பு ஓரளவுக்கு மேல் காந்தத்தை ஏற்காது. தெவிட்டிப்போகும். தெவிட்டிவிட்டால் செகண்டரி பக்கத்துக்கு எதையும் கடத்தாது. 20 ஆம்பியர் காட்ட வேண்டிய சி.டி. 8 ஆம்பியர் காட்டும். மறுமுனையில் உள்ள சி.டி.யின் இரும்பு கொஞ்சம் நல்ல ரகமாக இருந்தால் அது 20 ஆம்பியரைச் சரியாகச் சொல்லும். வித்தியாசம் 12 ஆம்பியர். ரிலேயின் பார்வையில் இது கேபிளுக்குள் நடந்த திருட்டு. டிரிப்! நல்ல கேபிள் வெட்டப்படும். கணக்குப்பிள்ளை மேல் தவறில்லை, அவரிடம் வந்த ரசீதே தவறு.

இதற்கு முதலில் கண்ட வழிகள் எல்லாம் அனுபவ வைத்தியம். ஒரே தகட்டிலிருந்து வெட்டிய இரும்பில் ஜோடி ஜோடியாக சி.டி. செய்து சோதித்து அனுப்பினார்கள். பைலட் கம்பியில் இரண்டு பக்க மின்னழுத்தமும் எதிர்த்து நிற்கும் வகைகளில் இரும்பு வளையத்தில் வேண்டுமென்றே சிறு காற்று இடைவெளிகளை விட்டார்கள். காற்று தெவிட்டாது, அதனால் இரண்டு சி.டி.களும் ஓரளவு ஒத்துப்போகும். ரிலேயைச் சற்றுத் தாமதமாக வேலை செய்ய வைத்தார்கள், அல்லது சிறு வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாதபடி மந்தமாக்கினார்கள். மந்தமாக்கினால் உண்மையான சிறு ஃபால்ட்டும் தப்பிவிடும் என்பது வேறு விஷயம். மெர்ஸின் குழுவிலிருந்த ஹன்ட்டர் இன்னொரு வழி கண்டார். கேபிளின் கடத்தியையே இரண்டு சம பாகமாகப் பிரித்து, இரண்டு பாகத்திலும் சம மின்னோட்டம் ஓடுகிறதா என்று ஒரே முனையில் பார்த்தார். பைலட் கம்பியே வேண்டாம். ஆனால் கேபிள் விலை ஏறிவிடும். ஜெனரேட்டர் போன்ற சிறு நீளத்துக்குள் முடிகிற கருவிகளில் சுற்றின் இரண்டு முனைகளையும் ஒரே இரும்பு வளையத்துக்குள் விட்டார்கள். இரண்டு சாட்சிகளுக்குப் பதில் ஒரே சாட்சி என்றால் முரண்பாடு எங்கிருந்து வரும்? இந்த முறை பெரிய மோட்டார்களில் இன்றும் இருக்கிறது.

இந்த வைத்தியங்களுக்குப் பின்னால் ஒரு வரவு செலவுக் கணக்கு இருக்கிறது. பொறியியல் புத்தகங்கள் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை. தெவிட்டாத சி.டி. வேண்டும் என்றால் இரும்பைப் பெரிதாக்கினால் போதும், அது யாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் பெரிய இரும்புக்குப் பெரிய விலை, பெரிய இடம். மின்சாரம் போய்விட்டால் வரும் நஷ்டம் ஒரு பக்கம், வருடத்தில் ஒரு முறையோ பத்து வருடத்தில் ஒரு முறையோ வரப்போகும் ஒரு நொடிக்காக வாங்கி வைக்கும் இரும்பின் விலை இன்னொரு பக்கம்.

எவ்வளவு இரும்பு போதும் என்ற கேள்விக்கு முதலில் கிடைத்த பதில் தலைசுற்ற வைத்தது. 1929இல் மார்ஷல், லாங்குத் என்ற இரு அமெரிக்கப் பொறியாளர்கள் ஃபால்ட் தொடங்கும் கணத்தில் சி.டி.க்குள் என்ன நடக்கிறது என்று ஆராய்ந்து எழுதினார்கள். ஃபால்ட் மின்னோட்டம் உடனே ஒழுங்கான அலையாக ஓடுவதில்லை. தொடக்கத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, நேர்மின்னோட்டம் கலந்ததுபோல ஓடி, மெல்ல மெல்ல நேராகும். அந்தச் சாய்வு இரும்பை ஒரே திசையில் தள்ளிக்கொண்டே போகும். எவ்வளவு தள்ளும் என்பது வலைப்பின்னலின் எதிர்வினைப்புக்கும் மின்தடைக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. அந்த விகிதம் 20 என்றால், சாதாரணக் கணக்கில் தேவைப்படும் இரும்பைவிட 21 மடங்கு வேண்டும். ஜெனரேட்டர் பக்கத்தில் விகிதம் இன்னும் அதிகம். 100 வோல்ட் தாங்கினால் போதும் என்று நினைத்த சி.டி. 2100 வோல்ட் தாங்க வேண்டும்! யார் வாங்குவார்கள்?

எனவே பொய் சொல்லாத சி.டி.யை வாங்க முடியாது என்பது 1930களிலேயே தெளிவாகிவிட்டது. அதற்குப் பிறகு வந்த முன்னேற்றம் எல்லாம், சி.டி. பொய் சொல்லும் என்று தெரிந்துகொண்டே எப்படிச் சமாளிப்பது என்பதுதான்.

சமாளித்த முதல் வழி பயாஸ். பாயும் மின்னோட்டம் கூடக்கூட, அனுமதிக்கும் வித்தியாசத்தையும் கூட்டிக்கொண்டே போவது. நூறு ரூபாய்க் கணக்கில் பத்து ரூபாய் குறைந்தால் சந்தேகப்பட வேண்டும், பத்தாயிரம் ரூபாய்க் கணக்கில் பத்து ரூபாய் குறைந்தால் விட்டுவிடலாம் என்பது மாதிரி. சதவீத டிஃபரன்ஷியல் என்றும் இதைச் சொல்வார்கள். டிரான்ஸ்ஃபார்மர்களுக்கு இது மிகவும் பொருந்தியது, ஏனென்றால் அங்கே இரு பக்க மின்னழுத்தமும் வேறு, சி.டி. விகிதமும் வேறு. கடையில் கிடைக்கும் விகிதங்கள் ஒருபோதும் கச்சிதமாகப் பொருந்தாது. டிரான்ஸ்ஃபார்மருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. அதை ஆன் செய்யும் கணத்தில் ஒரு பக்கம் மட்டும் பெரும் மின்னோட்டம் பாயும். 1892லேயே ஃபிளெமிங் இதைக் கவனித்து எழுதிவிட்டார். அந்த மின்னோட்டத்தில் இரட்டை அதிர்வெண் அலை அதிகம் இருப்பதை வைத்து அதை அடையாளம் காணும் ரிலேக்களைக் கென்னடியும் ஹேவர்டும் 1938இல் விவரித்தார்கள். ஆனால் இதில் ஒரு பொறி உண்டு. தெவிட்டிய சி.டி.யும் அதே மாதிரி அலைகளைக் கிளப்பும். உண்மையான ஃபால்ட்டின்போது சி.டி. தெவிட்டினால், "இது சும்மா ஆன் செய்ததுதான்" என்று ரிலே நினைத்துக்கொண்டு சும்மா இருந்துவிடலாம். ரிலே எவ்வளவு புத்திசாலியானாலும் சி.டி. தேர்வு முக்கியமாகவே இருந்தது.

உண்மையான போர்க்களம் பஸ்பார். ஒரு சப்ஸ்டேஷனின் எல்லா ஃபீடர்களும் வந்து சேரும் கடத்திதான் பஸ்பார். அங்கே பத்துப் பதினைந்து சி.டி.கள் ஒரே ரிலேக்குள் கணக்குச் சொல்லும். ஒரு ஃபீடரில் வெளியே ஃபால்ட் என்றால், மற்ற எல்லா ஃபீடரும் கொடுக்கும் மின்னோட்டம் மொத்தமாக அந்த ஒரே சி.டி. வழியாக வெளியேறும். மற்றவை நிம்மதியாக இருக்கும், அது மட்டும் தெவிட்டும். தவறான டிரிப் என்றால் ஒரு கேபிள் போகாது, சப்ஸ்டேஷன் முழுவதும் போய்விடும்.

இங்கே அமெரிக்காவில் இரண்டு எதிரெதிரான வழிகள் பிறந்தன. 1942இல் வெஸ்டிங்ஹவுஸைச் சேர்ந்த ஹார்டரும் அவரது சகாக்களும் "இரும்பே வேண்டாம்" என்றார்கள். இரும்பில்லாத வளையத்தில் கம்பியைச் சுற்றி, லீனியர் கப்ளர் என்று பெயர் வைத்தார்கள். தெவிட்ட அங்கே எதுவும் இல்லை. யோசனை பழசுதான், 1887இல் சாட்டக், 1912இல் ரொகோவ்ஸ்கி என்று முன்னோடிகள் உண்டு. ஆனால் அதிலிருந்து கிடைக்கும் சக்தி மிகக் குறைவு. மற்ற ரிலேக்களுக்கும் மீட்டர்களுக்கும் அதைப் பயன்படுத்த முடியாது, தனியாக வாங்க வேண்டும்.

1948இல் சீலி, ஃபான் ரோஷ்லாப் என்ற இருவர் நேர் எதிராக யோசித்தார்கள். இந்த முழுக் கதையிலும் மிகப் புத்திசாலித்தனமான இடம் இதுதான். சி.டி. தெவிட்டுமா, எவ்வளவு தெவிட்டும் என்று ஏன் கவலைப்பட வேண்டும்? முழுவதும் தெவிட்டி, எதுவுமே சொல்லாமல் செத்துக் கிடக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். மற்ற எல்லா சி.டி.களும் கச்சிதமாக வேலை செய்கின்றன என்றும் வைத்துக்கொள்வோம். இதைவிட மோசமான நிலை கிடையாது. செத்த சி.டி. இப்போது வெறும் செப்புக்கம்பி. அதற்கு ஒரு மின்தடை உண்டு, அதுவரை போகும் கம்பிக்கும் ஒரு மின்தடை உண்டு. மற்றவை தள்ளும் மின்னோட்டம் அந்த வழியாகத் திரும்பும். ரிலேயின் உள் மின்தடையை மிக அதிகமாக வைத்துவிட்டால் ரிலே பக்கம் மின்னோட்டம் அதிகம் வராது. ரிலேயின் மேல் தோன்றும் மின்னழுத்தத்தைச் சாதாரணப் பெருக்கலில் கண்டுபிடித்துவிடலாம்.

ஒரு கணக்கைப் பாருங்கள். அதிகபட்ச ஃபால்ட் 40,000 ஆம்பியர், சி.டி. 2000/1. செகண்டரியில் 20 ஆம்பியர். சி.டி.யின் மின்தடை 5 ஓம், போக வரக் கம்பி 2 ஓம். மொத்தம் 7 ஓம். 20 பெருக்கல் 7, ஆக 140 வோல்ட். ரிலேயை 140 வோல்ட்டுக்கு மேல் அமைத்துவிட்டால் வெளி ஃபால்ட் எவ்வளவு பெரிதானாலும் அது அசையாது. பஸ்பாரிலேயே ஃபால்ட் என்றால் எல்லா சி.டி.களும் சேர்ந்து ரிலேயை நோக்கித் தள்ளும், மின்னழுத்தம் பல மடங்கு எகிறும், ரிலே உடனே இழுக்கும். எகிறும் மின்னழுத்தம் ஆயிரக்கணக்கான வோல்ட்டாகி எல்லாவற்றையும் எரித்துவிடாமல் இருக்க மெட்ரோசில் போன்ற தடுப்பு வேண்டும், அது தனிக்கதை.

இதற்குப் பிறகு சி.டி. தேர்வு செய்வதன் அர்த்தமே மாறியது. 140 வோல்ட்டில் ரிலே நிச்சயமாக இழுக்க வேண்டும் என்றால், சி.டி. அதைப்போல் இரண்டு மடங்காவது, அதாவது 280 வோல்ட்டாவது, தெவிட்டாமல் கொடுக்க வேண்டும். எந்த இடத்தில் தெவிட்டுகிறது என்று எப்படிச் சொல்வது? மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனால் சி.டி.யின் காந்தமாக்கும் மின்னோட்டம் மெல்ல ஏறும். ஓரிடத்தில் கோடு முழங்கால் மடிந்ததுபோலச் சட்டென்று வளையும். மின்னழுத்தத்தை 10 சதவீதம் கூட்டினால் மின்னோட்டம் 50 சதவீதம் கூடும் இடம் எதுவோ அதுதான் நீ-பாயின்ட். பிரிட்டிஷ் தரநிலையில் இப்படிப்பட்ட சி.டி.க்கு எக்ஸ் வகுப்பு என்று பெயர். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2705 இதையே பி.எஸ். வகுப்பு என்றது. சர்வதேசத் தரநிலையில் பி.எக்ஸ். நம்மூர் சப்ஸ்டேஷன் டெண்டர்களில் பி.எஸ். என்ற இரண்டு எழுத்தைப் பார்த்தால் அதன் பின்னால் இந்தக் கதை முழுவதும் இருக்கிறது.

இந்த வகுப்பின் விசேஷம், வாங்குபவர் நான்கு எண்களைக் கேட்டுவிடலாம் என்பது. சுற்று எண்ணிக்கையில் தவறு கால் சதவீதத்துக்குள், நீ-பாயின்ட் மின்னழுத்தம் இவ்வளவுக்குக் குறையாமல், காந்தமாக்கும் மின்னோட்டம் இவ்வளவுக்கு மிகாமல், சுற்றின் மின்தடை இவ்வளவுக்கு மிகாமல். நான்கையும் தொழிற்சாலையிலும் சப்ஸ்டேஷனிலும் எளிதாகச் சோதிக்கலாம். யார் செய்தாலும் நான்கு எண்ணும் ஒத்திருந்தால் சி.டி. ஒத்திருக்கும். ஜோடி ஜோடியாக ஒரே கம்பெனியிடம் வாங்க வேண்டிய கட்டாயம் தளர்ந்தது. டெண்டர் விட்டு விலையை ஒப்பிட முடிந்தது. "இரட்டைக் குழந்தைகளாகக் கொடு" என்பதற்குப் பதில் "இந்த அளவுக்குக் கொடு" என்று கேட்பது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது கொள்முதல் பிரிவில் இருப்பவர்களுக்குத்தான் புரியும். சாதாரண ரிலேக்களுக்கான 5P20 என்ற குறியீடோ, அமெரிக்காவின் சி800 என்ற குறியீடோ இந்த வேலையை முழுதாகச் செய்யாது. முதலாவது, 20 மடங்கு மின்னோட்டம்வரை பிழை 5 சதவீதம் என்கிறது. இரண்டாவது, 100 ஆம்பியரில் 800 வோல்ட் கொடுக்கும் என்கிறது. இரண்டும் ஒரு சி.டி. தனியாக எவ்வளவு நல்லது என்று சொல்கின்றன. பக்கத்துச் சி.டி.யோடு ஒத்துப்போகுமா என்று சொல்வதில்லை.

ஹை இம்பீடன்ஸ் முறைக்கும் குறை இல்லாமல் இல்லை. எல்லா சி.டி.யும் ஒரே விகிதத்தில் இருக்க வேண்டும். அந்த இரும்பு வளையத்தை வேறு எதற்கும் பகிர முடியாது. பத்து வருடம் கழித்து ஒரு புதிய ஃபீடர் சேர்த்தால் அதற்கும் அதே விகிதத்தில்தான் சி.டி. வாங்க வேண்டும். 1970களில் சுவீடனின் ஆசியா நிறுவனம் வேறு வேறு விகித சி.டி.களையும் ஏற்று, அவை தெவிட்டும் முன்பே அரை அலைக்குள் முடிவெடுக்கும் பஸ்பார் ரிலேயைக் கொண்டுவந்தது. சி.டி. தெவிட்டத்தான் போகிறது, ஆனால் தெவிட்ட சில மில்லிசெகண்ட் ஆகும், அதற்குள் அது சொன்னது உண்மை என்பது இதன் அடிப்படை. கடைசியில் சாட்சி உளறினாலும் முதலில் சொன்னதைக் குறித்துக்கொண்டால் போதும்! பிற்கால நியூமெரிக்கல் ரிலேக்களும் இதே வழியில்தான் போகின்றன. விகித வித்தியாசத்தை மென்பொருளிலேயே சரிசெய்கின்றன. சி.டி. இரண்டு மூன்று மில்லிசெகண்ட் தாக்குப்பிடித்தால் போதும் என்று விளம்பரம் செய்கின்றன. இரும்புக்குச் செலவழித்த பணம் சிலிக்கானுக்குப் போனது என்று சொல்லலாம்.

இதற்கிடையில் இரும்பு இன்னொரு விதத்திலும் ஏமாற்றியது. 1934இல் நார்மன் காஸ் காப்புரிமை பெற்ற, படிகங்கள் ஒரே திசையில் அமைந்த புதிய எஃகு வந்தபோது சி.டி.கள் சிறிதாகின, துல்லியமாகின. ஆனால் அந்த எஃகு காந்தத்தை மறப்பதில்லை. ஃபால்ட் முடிந்து பிரேக்கர் திறந்த பிறகும் காந்தம் உள்ளே தங்கிவிடும். ஒரு நொடி கழித்துப் பிரேக்கர் தானாகத் திரும்ப மூடினால், சி.டி. பாதி வயிறு நிறைந்த நிலையில் அடுத்த ஃபால்ட்டைச் சந்திக்கும். இதற்காக 1992இல் சர்வதேசத் தரநிலை டி.பி.எக்ஸ்., டி.பி.ஒய்., டி.பி.இஸட். என்று வகுத்தது. முதலாவதில் தங்கும் காந்தத்துக்கு வரம்பில்லை. இரண்டாவதில் சிறு காற்று இடைவெளி உண்டு, 10 சதவீதத்துக்கு மேல் தங்காது. மூன்றாவதில் இடைவெளி பெரிது, கிட்டத்தட்ட எதுவும் தங்காது. நூற்றாண்டின் தொடக்கத்தில் அனுபவத்தில் விட்ட அதே காற்று இடைவெளிதான், இப்போது தரநிலைக்குள் வந்துவிட்டது!

கிர்க்காஃப் தன் விதியை எழுதிய அதே 1845இல் மைக்கேல் ஃபாரடே, காந்தப்புலம் கண்ணாடி வழியாகப் போகும் ஒளியின் அலைவுத்தளத்தைத் திருப்பும் என்று கண்டுபிடித்தார். அதை வைத்து ஒளியிழை சி.டி.கள் செய்யப்படுகின்றன. கடத்தியைச் சுற்றி ஒரு கண்ணாடி இழை, அதற்குள் ஓடும் ஒளி எவ்வளவு திரும்பியது என்று பார்த்தால் மின்னோட்டம் தெரிந்துவிடும். இரும்பு இல்லை, தெவிட்டல் இல்லை, தங்கும் காந்தமும் இல்லை. புதிய டிஜிட்டல் சப்ஸ்டேஷன்கள் சிலவற்றில் இவை வந்துவிட்டன.

ஆனால் ஒரு மின்தொடருக்கு இரண்டு முனைகள் உண்டு. ஒரு முனையில் புதிய சப்ஸ்டேஷன், அங்கே ஒளியிழை. மறுமுனையில் முப்பது வருடப் பழைய சப்ஸ்டேஷன், அங்கே இரும்பு. ஒன்று எந்த மின்னோட்டத்திலும் தெவிட்டாது, மற்றொன்று பெரிய ஃபால்ட்டில் தெவிட்டும். நடுவில் டிஃபரன்ஷியல் ரிலே இரண்டின் கணக்கையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். பழைய முனையில் உள்ள சி.டி.யின் நீ-பாயின்ட் எவ்வளவு, அதன் சுற்றின் மின்தடை எவ்வளவு, கம்பியின் நீளம் எவ்வளவு என்று பொறியாளர்கள் மறுபடியும் பழைய கோப்பைத் தேட வேண்டியிருக்கிறது.